மலை நகரத்து வீட்டில் காய்கறித் தோட்டம்: மண் தயாரிப்பு முதல் விதை எடுப்பது வரை முழுமையான வழிகாட்டி

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் போன்ற ஊர்களில் வீட்டைச் சுற்றிப் பத்தடி இடமோ, படிக்கட்டு ஓரமோ, சின்ன மாடியோ வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்னைக்கும் மதுரைக்கும் எழுதப்பட்ட மாடித்தோட்டக் குறிப்புகளை இங்கே அப்படியே பின்பற்றினால் பாதிகூடப் பலிக்காது. அங்கே வெயிலை மறைக்க நிழல்வலை கட்டுகிறார்கள். இங்கே வெயில் விழும் இடத்தைத் தேட வேண்டியிருக்கிறது.

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் விதை பாக்கெட் வாங்குகிறார்கள். பிறகு இடம் பார்க்கிறார்கள். செடி வெளிறிப்போன பிறகுதான் மண்ணைப் பற்றிக் கேட்கிறார்கள். சரியான வரிசை இடம், மண், மாதம், விதை. இந்த வரிசை மாறினால் பின்னால் எவ்வளவு எரு போட்டாலும் ஈடுகட்ட முடியாது.

1. முதலில் வெயிலையும் பனியையும் பாருங்கள்

மேகம் இல்லாத ஒரு நாளில் காலை எட்டு மணியிலிருந்து மாலை வரை இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை வெளியே வந்து, வெயில் எங்கே விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆறு மணிநேர வெயில் உள்ள இடம் பீன்ஸ், உருளைக்கிழங்கு, கேரட் போன்றவற்றுக்கு. நான்கு மணிநேரம்தான் என்றால் கீரை, லெட்டூஸ், மல்லி, புதினா. அதற்கும் குறைவென்றால் அங்கே உரத்தொட்டியை வைத்துக்கொள்ளலாம்.

இதை ஒருமுறை மட்டும் பார்த்தால் போதாது. டிசம்பர், ஜனவரியில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால், வீட்டின் வடக்குப் பக்கத்தில் நீளமான நிழல் விழும். மே மாதம் நல்ல வெயிலாக இருந்த பாத்தி குளிர்காலத்தில் நாள் முழுக்க ஈரம் காயாமல் கிடப்பது இதனால்தான். மேற்கே குன்றோ உயரமான யூகலிப்டஸ் வரிசையோ இருந்தால் மாலை வெயிலையும் கணக்கிலிருந்து கழித்துவிடுங்கள்.

அடுத்தது உறைபனி. குளிர்ந்த காற்று தண்ணீரைப் போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் ஊட்டியில் தலைக்குந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் பக்கமும், கொடைக்கானலில் ஏரிச்சாலை, பாம்பார்புரம் பக்கமும் புல்வெளி வெள்ளையாகிற காலையில், மேட்டிலுள்ள வீடுகளில் வெறும் பனித்துளிதான் இருக்கிறது. உங்கள் இடத்துக்குள்ளேயே இந்த வித்தியாசம் இருக்கும். கீழ்ப்படியில் கருகுகிற செடி, கல்சுவரை ஒட்டிய மேல்படியில் தப்பிவிடும். சுவர் பகலில் வாங்கிய சூட்டை இரவில் மெதுவாக விடுவதுதான் காரணம்.

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், குன்னூர் சுமார் 1,850. இந்த 400 மீட்டர் வித்தியாசத்தில் ஒரு வீட்டில் தக்காளி பழுக்கும், இன்னொரு வீட்டில் பச்சையாகவே நிற்கும். உறவினர் வீட்டில் வந்தது என்பதற்காக அதே செடியைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

2. மூன்று, நான்கு மாதம் முன்பே தொடங்க வேண்டியது: உரம்

சமவெளியில் ஒன்றரை, இரண்டு மாதத்தில் மட்கும் சமையலறைக் கழிவு இங்கே குளிரில் மூன்று, நான்கு மாதம்கூட எடுக்கும். அதனால் விதைக்கு முன்பே உரத்தைத் தொடங்கிவிட வேண்டும்.

மூடியுள்ள டிரம் ஒன்றை வாங்கி, அடியிலும் பக்கத்திலும் ஓட்டை போட்டு, ஒரு அடுக்கு காய்கறிக் கழிவு, இரண்டு அடுக்கு காய்ந்த இலை என்று நிரப்புங்கள். மூடி கட்டாயம் வேண்டும். மழை உள்ளே இறங்கினால் மட்காமல் அழுகி நாறும் என்பது ஒரு காரணம். திறந்து கிடக்கும் சமையலறைக் கழிவு கரடியையும் காட்டுப்பன்றியையும் குரங்கையும் வாசலுக்கே கூப்பிடும் என்பது இன்னொன்று. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எல்லா இலையும் ஒன்றல்ல. யூகலிப்டஸ் இலையிலுள்ள எண்ணெய் முளைப்பைத் தடுக்கும், மட்கவும் தாமதமாகும். அதை விட்டுவிடுங்கள். பக்கத்தில் மாடு வைத்திருப்பவர் இருந்தால் பழைய சாணக்குவியலின் அடியிலிருந்து எடுத்துத் தரச் சொல்லுங்கள். குதிரைச் சாணமும் நல்லதுதான். ஆனால் அதில் புல்விதை செரிக்காமல் வெளிவரும், நன்றாக மட்க வைக்காமல் போட்டால் பாத்தி முழுக்கப் புல் முளைக்கும்.

3. மண்: பாதித் தோட்டம் இங்கேதான் தீர்மானமாகிறது

நீலகிரியிலும் பழனி மலையிலும் மண் பெரும்பாலும் அமிலத்தன்மை உள்ளது. மழை சுண்ணாம்புச் சத்தைத் தொடர்ந்து கழுவிக்கொண்டு போய்விடுகிறது. அப்படிப்பட்ட மண்ணில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) இருந்தும் வேருக்குக் கிடைக்காமல் பூட்டிக்கொள்ளும், அலுமினியம் கரைந்து வேரைச் சுடும். செடி குட்டையாக, இலை ஊதா கலந்து நின்றால் பலரும் எருவைத்தான் கூட்டுகிறார்கள். வேண்டியது சுண்ணாம்பு.

முதலில் எவ்வளவு புளிப்பு என்று தெரிந்துகொள்ளுங்கள். தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் கேட்டால் மண் பரிசோதனைக்கு வழி சொல்வார்கள். அவசரத்துக்கு பி.எச். தாள் போதும். காய்ச்சி வடித்த நீரில் மண்ணைக் கலக்கித் தெளியவிட்டு அதில் தாளை நனையுங்கள். ஆறுக்குக் கீழே காட்டினால் சுண்ணாம்பு தேவை.

அதற்கு டோலமைட் என்ற சுண்ணாம்புக்கல் தூளை வாங்குங்கள். சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிராம், பத்து லிட்டர் பைக்கு ஒரு மேசைக்கரண்டி. வெள்ளையடிக்கும் நீற்றுச் சுண்ணாம்பு காரம் அதிகம், கை தவறினால் வேரைப் பொசுக்கும். டோலமைட் மெதுவாக வேலை செய்யும், மக்னீசியமும் சேர்த்துத் தரும்.

சுண்ணாம்பையும் சாணத்தையும் ஒரே நாளில் கலக்காதீர்கள். நான் அதிகம் பார்க்கிற தவறு இதுதான். இரண்டும் சேர்ந்தால் சாணத்திலுள்ள தழைச்சத்து (நைட்ரஜன்) அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். மூக்கில் ஏறுகிற அந்த வாடை உங்கள் உரம் வீணாகிறது என்பதற்கு அடையாளம். முதலில் சுண்ணாம்பைக் கொத்திக் கலந்து, லேசாக ஈரம் காட்டி, இரண்டு மூன்று வாரம் விடுங்கள். பிறகு எரு. அதன்பின் ஒரு வாரம் கழித்து விதை.

உருளைக்கிழங்கு போடப்போகிற இடத்துக்கு மட்டும் சுண்ணாம்பு வேண்டாம். அது கொஞ்சம் புளிப்பு மண்ணையே விரும்பும். சுண்ணாம்பு கூடினால் தோலில் சொறி வரும்.

சரி, மண்ணை எங்கிருந்து எடுப்பது? உருளைக்கிழங்கு விளைந்த காட்டிலிருந்து வேண்டாம். கிழங்கைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு நீலகிரியில் 1961-இலேயே கண்டுபிடிக்கப்பட்டது. அதன் முட்டைக்கூடுகள் செடி இல்லாமலே பல வருடம் மண்ணில் உயிரோடு கிடக்கும், கண்ணுக்குத் தூசி போலத்தான் தெரியும். கோஸ் விளைந்த காட்டு மண்ணும் ஆபத்துதான். வேர் கட்டிகட்டியாக வீங்கும் கிளப் ரூட் நோய் அதில் இருந்தால் பத்து வருடத்துக்கு மேலும் போகாது. காய்கறிக் காட்டிலிருந்து ஒரு டெம்போ மண் இலவசமாகக் கிடைக்கிறது என்று இறக்கிக்கொள்பவர்கள் இந்த இரண்டையும் சேர்த்தே இறக்கிக்கொள்கிறார்கள். சோலைக்காட்டு மண்ணும் வேண்டாம், காப்புக்காட்டிலிருந்து மண் எடுப்பது சட்டப்படி குற்றம்.

கட்டட வேலைக்குத் தோண்டிய மண் கிடைத்தால் அதை எடுத்துக்கொள்ளலாம். கரிமச்சத்து இருக்காது, ஆனால் நோயும் இருக்காது. அந்த மண் இரண்டு பங்கு, மட்கிய எரு ஒரு பங்கு, இலைமட்கு அல்லது தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு என்று கலந்தால் போதும்.

4. பாத்தியும் பைகளும்

சரிவில் பாத்தியை எப்போதும் சரிவுக்குக் குறுக்காகப் போடுங்கள். மேலிருந்து கீழாகப் போட்டால் ஒரு நல்ல மழையில் மேல்மண் சாக்கடைக்குப் போய்விடும். பாத்தியைத் தரையிலிருந்து அரையடி உயர்த்துவதும் அவசியம். இங்கே செடிகள் தண்ணீர் இல்லாமல் சாவதைவிட வேரில் நீர் தேங்கி அழுகிச் சாவதுதான் அதிகம்.

தாங்கு சுவரை ஒட்டி மண் கொட்டாதீர்கள். அந்தச் சுவரில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் ஓட்டைகள் அடைபட்டால் பின்னால் நீர் சேர்ந்து சுவரையே தள்ளும். இரண்டடி இடைவெளி விடுங்கள். மண்திட்டை வெட்டி இடம் அகலமாக்குவதும் வேண்டாம். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் ஏற்பட்ட மண்சரிவுகளைப் பார்த்தவர்களுக்கு இதன் கனம் தெரியும்.

மாடியில் வைப்பதென்றால் எடையைக் கணக்கிடுங்கள். ஓரடி நீளம், அகலம், ஆழம் கொண்ட நனைந்த மண் சுமார் 45 கிலோ. பைகளைத் தளத்தின் நடுவில் குவிக்காமல் கீழே சுவர் தாங்கும் ஓரங்களில் வரிசையாக வையுங்கள். பழைய வீடென்றால் மாடியே வேண்டாம், படிக்கட்டு ஓரம் போதும்.

கீரைக்கும் லெட்டூஸுக்கும் அரையடி ஆழம், கேரட்டுக்கும் உருளைக்கும் ஓரடி. மீன்கடையிலும் பழக்கடையிலும் கிடைக்கும் தெர்மாகோல் பெட்டி இந்தக் குளிருக்கு மிகவும் ஏற்றது. சுவர் தடிமனாக இருப்பதால் இரவில் மண் சீக்கிரம் குளிராது.

5. எந்த மாதம் என்ன

நீலகிரி விவசாயிகள் வருடத்தை மூன்று போகமாகப் பிரித்திருக்கிறார்கள்: ஜனவரி, பிப்ரவரியில் பாசனத்தோடு தொடங்கும் நீர்போகம், ஏப்ரல், மே மாதங்களில் கோடைமழையோடு தொடங்கும் கார்போகம், ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்கும் கடைபோகம். வீட்டுத் தோட்டத்துக்கும் பெரும்பாலும் இந்தக் கணக்கே சரியான வழிகாட்டி. விதை பாக்கெட்டின் பின்னால் அச்சிட்டிருக்கும் மாதங்கள் பெரும்பாலும் சமவெளிக்கானவை.

புதியவர்கள் ஏப்ரலில் தொடங்குவது நல்லது. உறைபனி முடிந்திருக்கும், மண் சூடாக இருக்கும், அவ்வப்போது மழையும் கிடைக்கும். பீன்ஸ், பீட்ரூட், முள்ளங்கி, நூல்கோல், உருளை எல்லாம் அப்போது வரும்.

ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவமழை ஊட்டியின் மேற்குப் பக்கத்தை விடாமல் நனைக்கும். வெயிலே இல்லாத வாரங்கள் அவை. திறந்த வெளியில் சிறு விதை எதையும் தூவாதீர்கள். பூண்டு ஊன்றலாம், கூரைக்குக் கீழே கீரை வளர்க்கலாம்.

ஆகஸ்ட் கடைசியிலிருந்து கேரட், கோஸ், ப்ரோக்கோலி, பட்டாணி, லெட்டூஸ். குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலில் வடகிழக்குப் பருவமழைதான் பலமானது. அதனால் அக்டோபர் நடுவுக்குள் நாற்று வேர் பிடித்திருக்க வேண்டும். அக்டோபர், நவம்பர் மறுபடியும் பூண்டுக்கான நேரம். டிசம்பர், ஜனவரியில் புதிதாக எதுவும் போடாமல், நிற்பதைக் காப்பாற்றினால் போதும்.

முதல் வருடத்துக்கு ஐந்தாறு பயிரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முள்ளங்கி நாற்பது, ஐம்பது நாளில் வந்துவிடும், உங்கள் மண் எப்படி என்பதை அதுதான் முதலில் சொல்லும். ஊட்டியில் தக்காளி, கத்தரி, வெண்டை, மிளகாய் வேண்டாம். இரவுக்குளிரில் பூ உதிரும், மழையில் இலை கருகும். குன்னூர், கோத்தகிரியில் தக்காளி போடலாம், ஆனால் மேலே ஒளி புகும் ஷீட் இருக்க வேண்டும்.

தக்காளிக்கு ஈடாக மரத்தக்காளி ஒன்று வையுங்கள். ஒன்றரை, இரண்டு வருடத்தில் காய்க்கும், சட்னிக்கும் குழம்புக்கும் அருமையான புளிப்பு. வேர் மேலோட்டமாகப் போவதால் காற்றில் சாயும், ஆரம்பத்திலேயே கம்பு நட்டுக் கட்டிவிடுங்கள். மேரக்காய் (சௌசௌ) கொடியும் ஒன்றே ஒன்று போதும். முளைவிட்ட முழுக்காயை அப்படியே பாதி புதைத்தால் வேலி முழுக்க ஏறும். பனியில் மேல்கொடி கருகினாலும் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும்.

6. விதைப்பு

கேரட், பீட்ரூட், முள்ளங்கி, பீன்ஸ், பட்டாணி ஆகியவற்றை நேரடியாக விதைக்க வேண்டும். கேரட்டைப் பிடுங்கி நட்டால் நுனிவேர் அறுந்து கிழங்கு கிளைவிடும். புது எருவும் கல்லும் இருந்தாலும் அப்படித்தான், அதனால் கேரட் பாத்தியைச் சலித்த மண்ணால் நிரப்புங்கள்.

கேரட் விதை குளிரில் முளைக்க இரண்டு, மூன்று வாரம் ஆகும். பத்தாம் நாளே விதை சரியில்லை என்று பாத்தியைக் கிளறிவிடுபவர்கள் ஏராளம். விதையை மணலோடு கலந்து கோடாகத் தூவி, மேலே நனைந்த சாக்கைப் போட்டு வையுங்கள். அது மழைத்துளி விதையை அடித்துப்போகாமல் தடுக்கும், மேல்மண் காயாமலும் பார்த்துக்கொள்ளும். முதல் முளை தெரிந்ததும் அன்றே சாக்கை எடுத்துவிட வேண்டும்.

விரல் உயரம் வந்ததும் இரண்டு அங்குலத்துக்கு ஒன்று விட்டு மற்றதைப் பிடுங்குங்கள். மனசு வராதுதான். பிடுங்காமல் விட்டால் எல்லாமே பென்சில் அளவில் நின்றுவிடும். பீட்ரூட்டின் ஒரு விதை உண்மையில் பல விதைகளின் கட்டு, ஒரே இடத்தில் மூன்று நான்கு முளைக்கும். அதையும் கலைக்க வேண்டும்.

கோஸ், காலிஃப்ளவர், ப்ரோக்கோலி, நூல்கோல், லெட்டூஸ் இவற்றை நாற்றாக வளர்த்து நான்கைந்து வாரத்தில் நடுங்கள். நடும் முன் ஒரு வாரம் நாற்றை வெளியே வைத்துப் பழக்க வேண்டும். ஜன்னலுக்குள் வளர்ந்த நாற்று முதல் இரவிலேயே துவண்டுவிடும்.

உருளைக்குக் கடைக்கிழங்கு வேண்டாம். நோய் ஏறி வரும், சில கிழங்குகள் முளைக்காமலிருக்க மருந்தும் அடித்திருக்கும். குஃப்ரி கிர்தாரி போன்ற இலைக்கருகலைத் தாங்கும் ரகத்தின் விதைக்கிழங்கு கிடைத்தால் வாங்குங்கள். ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. முட்டை அளவுக் கிழங்கை முழுசாக, முளைகட்டிய பிறகு ஊன்றுங்கள். வெட்டி ஊன்றினால் இந்த ஈர மண்ணில் வெட்டுவாய் அழுகும்.

7. தண்ணீர்

காலையில் மட்டும் ஊற்றுங்கள். மாலையில் இலை நனைந்தால் இரவு முழுக்கக் காயாது, பூஞ்சைக்கு அது போதும். இலைக்குத் தெளிக்காமல் வேரடியில் ஊற்றுங்கள்.

மார்ச் முதல் மே வரைதான் குழாய்த் தண்ணீருக்குத் திண்டாட்டம். ஷீட் கூரையின் விளிம்பில் தகரத் தாழ்வாரம் கட்டி ஒரு 200 லிட்டர் டிரம்மில் இறக்கினால் ஒரு கோடைமழையிலேயே நிரம்பிவிடும். கொசு வராமல் துணி கட்டி மூடுங்கள்.

8. உறைபனிக் காலம்

மழை ஓய்ந்து, வானம் தெளிந்து, காற்றும் அடங்கிய இரவுதான் ஆபத்தானது. மேகம் போர்வை போல நிற்கும் இரவில் உறைபனி விழாது. நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை மாலையில் வானத்தைப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

அன்று பகலிலேயே மண்ணை நனையுங்கள். ஈர மண் பகல் சூட்டை அதிகம் பிடித்து வைத்து இரவில் விடும். சூரியன் மறையும் முன் சாக்கோ பழைய போர்வையோ வைத்து மூடுங்கள். நான்கு கம்பு நட்டு அதன்மேல் போட வேண்டும், துணி இலையைத் தொட்டால் தொட்ட இடம் கருகும். ஊட்டி தாவரவியல் பூங்காவில் நாற்றுகளை மிலார் என்ற செடியின் கிளைகளால் மூடியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே உபாயம்தான். வெயில் ஏறியதும் எடுத்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் மூட வேண்டியதில்லை. கோஸ், பூண்டு, லீக்ஸ், மண்ணுக்குள் இருக்கும் கேரட் தாங்கும். பீன்ஸ், உருளைக்கொடி, மரத்தக்காளியின் துளிர் ஒரே இரவில் கருகும். பட்டாணி இலை தப்பும், பூவும் பிஞ்சும் போகும். கருகிய கிளையை உடனே வெட்டாதீர்கள். அடியிலுள்ள துளிருக்கு அதுதான் அடுத்த இரவின் மறைப்பு, மார்ச்சில் வெட்டினால் போதும்.

9. நோய், நத்தை, விலங்குகள்

உருளை, தக்காளி இலையில் நீர் கோத்த கரும்புள்ளி வந்து, மூடுபனி தொடர்ந்து நின்றால், அது இலைக்கருகல். நாலைந்து நாளில் பாத்தியே போய்விடும். புள்ளி கண்ட இலையை அன்றே கிள்ளி, உரத்தொட்டியில் போடாமல் எரித்துவிடுங்கள். பரவிவிட்டால் உருளைத் தண்டைத் தரையோடு வெட்டிவிட்டு, இரண்டு வாரம் கழித்துக் கிழங்கைத் தோண்டுங்கள். உடனே தோண்டினால் தோல் முற்றாத கிழங்கில் நோய் ஏறும்.

நத்தைக்குச் சாம்பல் தூவச் சொல்வார்கள். மழையில் அது ஒரு மணிநேரம்கூட நிற்காது. ராத்திரி பாத்தி ஓரத்தில் நனைந்த பலகையைப் போட்டு வையுங்கள், காலையில் அதன் அடியில் கூடியிருக்கும், பொறுக்கி எடுக்கலாம். நட்ட நாற்று தரையோடு அறுந்து கிடந்தால் அது வெட்டுப்புழு. அந்தச் செடியடியில் ஒரு அங்குலம் கிளறினால் சுருண்டு கிடக்கும்.

குரங்குக்கு முழுக்கூண்டு தவிர வழியில்லை. கம்பி வலையால் மேலும் மூடிய ஒரு சின்னக் கூண்டுக்குள் கேரட்டையும் பீன்ஸையும் வைத்துவிட்டு, வெளியே பூண்டு, ரோஸ்மேரி, தைம் என்று அவை அவ்வளவாகத் தொடாதவற்றை வையுங்கள். காட்டெருமை வந்தால் விரட்டப் போகாதீர்கள். விளக்கைப் போட்டுவிட்டு வீட்டுக்குள்ளேயே இருங்கள். பாத்தியை மறுபடி போடலாம். வீட்டு மின்சாரத்தை வேலிக்குக் கொடுக்கும் எண்ணமே வேண்டாம், அது குற்றம், உங்கள் வீட்டுக் குழந்தைக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் எமன்.

10. அறுவடைக்குப் பின்

கோஸ், காலிஃப்ளவர், ப்ரோக்கோலி, நூல்கோல், முள்ளங்கி, டர்னிப், கடுகு எல்லாம் ஒரே குடும்பம். கோஸ் எடுத்த இடத்தில் முள்ளங்கி போட்டுவிட்டுப் பயிரை மாற்றிவிட்டேன் என்று நினைப்பவர்கள் பலர். கிளப் ரூட்டுக்கு இரண்டும் ஒன்றுதான். அந்தக் குடும்பம் அதே மண்ணுக்குத் திரும்ப மூன்று, நான்கு வருடம் ஆகட்டும். கோஸ் எடுத்த இடத்தில் பூண்டு அல்லது பீன்ஸ், பீன்ஸுக்குப் பின் கேரட், பீட்ரூட். உருளை, தக்காளி, மரத்தக்காளி மூன்றும் ஒரு குடும்பம், அவற்றையும் அடுத்தடுத்து வைக்காதீர்கள். பைகளில் வளர்ப்பவர்கள் எந்தப் பையில் என்ன இருந்தது என்று பையின் மேலேயே பெயின்டால் எழுதி வைத்தால் குழப்பம் வராது.

ஒவ்வொரு வருடமும் ஒருமுறை பி.எச். பார்த்து, தேவைப்பட்டால் டோலமைட் மறுபடி போடுங்கள். மழை அதைக் கழுவிக்கொண்டேதான் இருக்கும்.

பீன்ஸ், பட்டாணி விதையை நீங்களே எடுக்கலாம். நல்லாகக் காய்த்த இரண்டு செடியைப் பறிக்காமல் விட்டு, நெற்று மஞ்சளானதும் செடியோடு பிடுங்கி அடுப்படிப் பக்கம் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். வெளியே காயவிட்டால் மூடுபனியில் பூசணம் பிடிக்கும். நன்றாகக் காய்ந்த விதையை ஆறிய சாம்பலில் புரட்டி, மூடி இறுகிய டப்பாவில் போட்டு, மேலே ரகத்தையும் மாதத்தையும் எழுதி ஒட்டிவிடுங்கள். கேரட், கோஸ் விதையை மட்டும் வீட்டில் எடுக்க முயல வேண்டாம். அவை பக்கத்துத் தோட்டத்து ரகங்களோடு கலந்துவிடும், கேரட் விதையின் முளைப்புத் திறனும் சீக்கிரம் குறையும். அவற்றை ஒவ்வொரு போகத்துக்கும் தேதி பார்த்துப் புதிதாக வாங்குங்கள்.